ஓரகத்திக்கு வந்த நோய்

வலி எதுவும் இல்லாத பெண்ணிடம் போய், வந்து படுத்து உடம்பைக் காட்டு என்று கெஞ்சுவதுதான் என் தொழில். அரசாங்கம் இதற்கு விழிப்புணர்வு என்று பெயர் வைத்திருக்கிறது. கர்ப்பப்பை, அதன் வாய், சினைப்பை, இந்த இடங்களில் வருகிற புற்றுநோயைப் பற்றி, ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கத்து ஊர்களில் நான் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். நான் நர்ஸ். கூட வருகிற ராஜேஸ்வரி அந்த ஊர்களின் ஆஷா ஊழியர், உள்ளூர்க்காரர். வீட்டுக்குள்ளே நான் பேசுவேன். வெளியே வந்ததும், அவர்கள் எனக்குச் சொன்ன பதிலுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று ராஜேஸ்வரி விளக்குவார்.

இன்சூரன்ஸ் பாலிசி விற்கப் போனவர்கள், ஜனத்தொகைக் கணக்கெடுக்கப் போன டீச்சர்கள், கதவைத் திறந்தபடியே முகத்தை மூடிக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பழகிய எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நீங்களாவது பரவாயில்லை, வீட்டில் எத்தனை பேர் என்றுதான் கேட்டீர்கள். நான் கேட்கிற கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

தறிச் சத்தம்

நகரிப் பக்கம் பவர்லூம் ஓடாத தெரு இல்லை. பெண்கள் வேலையை விட்டு வர மாட்டார்கள் என்பதால் நாங்களே கொட்டகைக்குள் போய்விடுவோம். அங்கே சாதாரணமாகப் பேசினால் பேசுகிறவருக்கே கேட்காது. அன்றைக்கு நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். வெள்ளைப்படுவது நாற்றம் அடித்தால் சொல்லுங்கள், தீட்டு நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் பட்டால் சொல்லுங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், "புருஷனோட சேர்ந்த பிறகு ரத்தம் பட்டா" என்று கத்திய நொடியில் கரண்ட் போய்விட்டது. தறிகள் அத்தனையும் நின்றன. என் குரல் மட்டும் நிற்கவில்லை. எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தறி முதலாளி எதையோ தேடுகிறவர்போலக் கொட்டகையின் கோடிக்குப் போனார்.

பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த சுகுணா மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், கச்சலான உடம்பு. சிரிப்பு அடங்குவதற்குள் என் பக்கத்தில் வந்து, "நின்னு போயி நாலு வருசம் ஆனதுக்கு அப்பறம் திரும்பி வந்தா இன்னா மேடம் அது?" என்று மெதுவாகக் கேட்டார். யாருக்கு என்றேன். "எனக்கில்ல, எங்க ஓரகத்திக்கு" என்றார். அப்படி வருவது நல்லதில்லை, வெள்ளிக்கிழமை இங்கே முகாம் போடுகிறோம், அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு நூல் சுற்றப் போனார். தெருவுக்கு வந்ததும் ராஜேஸ்வரி சொன்னார்: "அவ ஊட்டுக்காரரு அந்த ஊட்டுக்கு ஒரே புள்ள மேடம். ஓரகத்தி எங்கேர்ந்து வந்தா?"

பை இல்லாதவர்கள்

எங்கள் பக்கத்தில் பல பெண்களுக்குக் கர்ப்பப்பை கிடையாது. இடுப்பு வலி என்று போயிருப்பார்கள், ரத்தம் அதிகம் போகிறது என்று போயிருப்பார்கள், எடுத்து அனுப்பியிருப்பார்கள். நாற்பது வயதாவதற்குள்ளேயே எடுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால் தங்களுக்கு இந்த வகைப் புற்றுநோய் எதுவுமே வராது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். கர்ப்பப்பையின் வாயை விட்டு வைத்திருக்கலாம், சினைப்பையை விட்டு வைத்திருக்கலாம், எதை எடுத்தார்கள் என்று தெரிந்தால்தானே நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியும்.

புத்தூர் மாங்காய் மண்டியில் ஓர் அம்மா, சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு எதையெல்லாம் எடுத்தார்கள் என்று கேட்டேன். பையைத்தான் என்றார். பை மட்டுமா, சினைப்பையும் சேர்த்தா, வாய் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவே இல்லை. "துன்ற நேரத்துல கேக்கற கேள்வியா இது? டாக்டரு அத்த ட்ரேல வெச்சி எங்க ஊட்டுக்காரருக்குத்தான் காட்டனாரு. போயி அவரக் கேளு."

எந்த இடம்?

மகளிர் தினத்துக்குப் புத்தலப்பட்டு மண்டலத்தில் பெரிய கூட்டம் என்று எங்களையும் வரச் சொன்னார்கள். பந்தல் போட்டு, ஷாமியானா கட்டி, மோர் பாக்கெட் எல்லாம் கொடுத்தார்கள். பேச வந்த அதிகாரி நல்ல மனிதர், உண்மையிலேயே அக்கறையோடு பேசினார். ஆனால் தெலுங்கிலும் சரி, நடுவே எங்களுக்காகப் பேசிய தமிழிலும் சரி, "அந்த நோய்", "அந்த பாகம்" என்பதைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. அந்த பாகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், அந்த பாகத்தில் மாற்றம் தெரிந்தால் அசட்டையாக இருக்கக் கூடாது. கண் கலங்கக்கூடச் செய்தார். எல்லோரும் கை தட்டினோம். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பெண் மோரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "சாரு நல்லாத்தான் பேசனாரு. எந்த எடம்னு கடைசி வரிக்கும் சொல்லவே இல்லியே."

கங்கம்மா மண்டபம்

சுகுணாவிடம் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை முகாமுக்கு இடம் பார்த்தது எங்கள் டாக்டரம்மாவும் சர்பஞ்சும். கங்கம்மா கோயில் மண்டபம். ஃபேன் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, வாடகை கிடையாது. பரிசோதனை வண்டியையும் கோயில் காம்பவுண்டுக்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டி இரண்டு பாஷையிலும் ஊரெல்லாம் சொல்லியாயிற்று. பெண்கள் வரவும் வந்தார்கள். தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, ஏதோ விசேஷத்துக்கு வருவதுபோல வந்தார்கள். ஒவ்வொருத்தரையும் கேட்டோம். ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம், ஊர் ஆரோக்கியமாக இருக்கிறது என்றார். எனக்கும் கொஞ்ச நேரம் அப்படித்தான் தோன்றியது.

மத்தியானம் வெளியே வந்தால், எதிர்ச் சாரி மளிகைக் கடை வாசலில் சுகுணா நிற்கிறார். வாங்க என்று கூப்பிட்டேன். "கொழம்புக்குப் புளி வாங்க வந்தேன் மேடம்" என்றார். புளிப் பொட்டலம் கையில் இருந்தது. வாங்கி வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும், பொட்டலம் வியர்வையில் நனைந்து கசங்கிப் போயிருந்தது. நான் தெருவைத் தாண்டுவதற்குள் வேகமாக நடந்து போய்விட்டார். இத்தனை தூரம் வந்தவர் ஏன் உள்ளே வரவில்லை என்று எரிச்சலோடு ராஜேஸ்வரியிடம் கேட்டேன். அவர் மண்டபத்து வாசற்படியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ரத்தம் போறவங்கள்லாம் வாங்கன்னு மைக் வெச்சிக் கூப்ட்டு, ரத்தம் போறவ கால் வைக்கக் கூடாத எடத்துல ஒக்காந்துக்கினு கீறோமே மேடம்."

விளக்கு ஏற்றியவர்

மறுநாள் சாயங்காலம் சுகுணா வீட்டுக்கே போனோம். அவர் கணவர் முனிரத்தினம் தறி ஓட்டுகிறவர். இந்த வேலையில் புருஷன்மார்களிடம் பேசுவதற்கென்றே நான் ஒரு பேச்சு வைத்திருக்கிறேன், கொஞ்சம் மிரட்டல், கொஞ்சம் கெஞ்சல். அதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே உள்ளே போனேன். முனிரத்தினம் சாமி படத்துக்கு முன்னால் நின்று திரி போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் தரையெல்லாம் சிந்தியிருந்தது. சுகுணா பின்கட்டு வாசலில் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

ஓரகத்திக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சுகுணா அழுதுவிட்டார். மகளுக்குப் பலமனேரில் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார்கள், தக்காளி மண்டி வைத்திருக்கிற குடும்பம், ஆவணியில் கல்யாணம். "கேன்சருன்ற வார்த்த வெளிய போச்சின்னா அவங்க நிப்பாங்களா மேடம்? அம்மாக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்னு சொல்ல மாட்டாங்களா? ஆவணி முடியட்டும், நானே வர்றேன்." எனக்குக் கோபம்தான் வந்தது. கேன்சர்தான் என்று நாங்கள் இன்னும் சொல்லவே இல்லை, கேன்சராக இருந்தால் அது முகூர்த்தம் பார்த்துக்கொண்டு காத்திருக்காது என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். பிறகு முனிரத்தினத்தின் பக்கம் திரும்பி என் பேச்சை ஆரம்பித்தேன். அவர் தீக்குச்சியை அணைத்துவிட்டுக் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "எத்தினி மாசமா நான்தான் மேடம் இந்த வெளக்க ஏத்திக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா? நீங்க கூட்டிக்கினு போங்க. யாராவது கேட்டா மலைக்குப் போயிருக்குறான்னு நான் சொல்லிக்கிறேன்."

வரிசை

திருப்பதிக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. எங்கே போகிறாய் என்று கேட்டால் மலைக்கு என்று சொல்லிவிடலாம், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். சுகுணா மஞ்சள் பையும் பூவுமாகக் கிளம்பினார். புத்தூரில் பஸ் ஏறினோம். ரேணிகுண்டாவில் ரயிலைவிட்டு இறங்கிய கூட்டம் ஏறிக்கொண்டு கோவிந்தா போட்டது. சுகுணாவும் சேர்ந்து போட்டார். மற்றவர்கள் மலை பஸ்ஸுக்குப் போனார்கள், நாங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ பிடித்தோம்.

சதை எடுத்துப் பரிசோதிக்கிற இடத்தில் பெரிய வரிசை. பாதி நேரம் போன பிறகு முன்னால் நின்ற ஓர் அம்மா திரும்பினார். சுகுணாவின் தெருவில் பால் சென்டர் நடத்துகிறவர். அவர் கையிலும் மஞ்சள் பை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தேன், நானே பல ஊர்களில் ஒட்டிய நோட்டீஸ்தான். "தரிசனம் ஆச்சா அக்கா?" என்று சுகுணாதான் முதலில் கேட்டார். அந்த அம்மா அசரவில்லை. "எங்க, க்யூவுலயே நின்னுக்கினு கீறேன். திரும்பிப் போறப்ப கடையில லட்டு மட்டும் வாங்கிக்கோடி, இல்லன்னா ஊட்ல நம்ப மாட்டாங்க."

தலைமுடி

சோதனை முடிவு வந்தது. கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய். ரொம்பவும் பரவவில்லை, ஆனால் இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். எல்லா டாக்டர்களும் இதைச் சொல்வார்கள். எல்லா முறையும் ஏதோ நான்தான் தாமதம் செய்ததுபோல எனக்கு உடம்பு கூசும். ஆபரேஷன் நடந்தது. ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, பை எடுப்பதெல்லாம் எங்கள் ஊர்களில் விசாரிக்கிற விஷயமே இல்லை. அதன் பிறகு நரம்பு வழியாக மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவையும் மலைக்குத்தான் போய் வந்தார் என்று முனிரத்தினம் சொல்லிக்கொண்டார்.

மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். இதற்கு மட்டும் என்ன பொய் சொல்லப் போகிறார்களோ என்று எனக்குக் கவலை. ஒரு நாள் போனால் சுகுணா சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். இந்தத் தடவை நிஜமாகவே மலை ஏறிப் போய் முடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கு வேண்டுதல் என்று தெருவுக்கு லட்டும் கொடுத்தாயிற்று. என்னைப் பார்த்ததும் மொட்டையைத் தடவிக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "தலகாணில கொத்துக் கொத்தா வுழறத்துக்கு சாமிக்காவது போவட்டும் மேடம். மொட்ட அடிச்சவள இந்தப் பக்கத்துல யாரும் இன்னாத்துக்குன்னு கேக்க மாட்டாங்க."

பலமனேர் சம்பந்தி

கல்யாணம் நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அந்தக் கவலையிலேயே படிப்பீர்கள். இது கல்யாணத்துக்கு முன்னால் நடந்த கதை. சுகுணாவின் பிரஷரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போயிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா பத்திரிகை விஷயமாகப் பேச வந்திருந்தார். வாட்டசாட்டமான பெண்மணி, கறார் பேர்வழி. சுகுணாவை அவர்கள் வழக்கப்படி "வதினா" என்று அண்ணி உறவு வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு மொட்டைக்கு வந்தது. சம்பந்தியம்மா குரலைத் தணித்தார். "மலைக்கு வேண்டிக்கினதுல உனக்கு ரத்தப்போக்கே நின்னுப் போச்சின்னு உங்க தெருவுல சொன்னாங்க வதினா. எனக்கும் ஒரு வருசமா அதே தொந்தரவுதான். இன்னான்னு வேண்டிக்கினேன்னு சொல்லு, நானும் முடி குடுத்துர்றேன்."

ஊர் ஊராகப் போய் நான் சொன்னதெல்லாம் இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. தெருவில் ஆபரேஷனும் மொட்டையும் வாய்க்கு வாய் கலந்து, ரத்தத்தை நிறுத்தியதே சாமிதான் என்று ஆகியிருந்தது. நோயாளியின் விஷயத்தை அடுத்தவரிடம் நான் சொல்லக் கூடாது. சொல்லாமல் விட்டால் இந்த அம்மா நேரே மலைக்குப் போய்விடுவார், நோய் பாட்டுக்கு உள்ளே இருக்கும். உங்களையும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடலாமே என்று இழுத்தேன். "டாக்டரு எதுக்கு? சாமியே சரி பண்ணியிருக்குது" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். சுகுணா சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே மகள் கிளாஸ்களை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. எந்தக் காதுக்கு இந்த விஷயம் எட்டக் கூடாது என்று இத்தனை நாள் தவித்தாரோ, அந்தக் காதுக்கு உரிய சம்பந்தியம்மா சுகுணாவின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருந்திருந்தால் கல்யாணத்துக்கு ஒரு பங்கமும் வந்திருக்காது. அவர் பேசாமல் இருந்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"சாமி வாங்கிக்கினது என் முடிய மட்டுந்தான்" என்றார் சுகுணா. "ரத்தம் நின்னது ஆஸ்பத்திரியில. எனக்கு கேன்சரு. வேண்டுதல்னு சொன்னதெல்லாம் பொய்யி. இதுக்கு அப்பறம் பொண்ணு வேணாம்னு சொன்னீங்கன்னா சொல்லிட்டுப் போங்க. ஆனா மலைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த மேடம்கூட ஆஸ்பத்திரிக்குப் போங்க." மகள் டீத் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். சம்பந்தியம்மா எழுந்தார். போய்விடப் போகிறார் என்று பயந்தேன். அவர் சுகுணாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த மொட்டைத் தலையைத் தொட்டுப் பார்த்தார். இப்போது அவருக்கும் திருப்பதியில் வைத்தியம் நடக்கிறது, சுகுணாவுக்கு நடந்ததைவிடக் கொஞ்சம் கஷ்டமான வைத்தியம். அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: "இத்த அப்பவே சொல்லியிருந்தியானா, நானும் உங்கூடவே வந்து பக்கத்து பெட்ல படுத்திருப்பனே வதினா."

ஆக, ஊருக்குத் தெரியட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினவள் நான், ஊருக்குத் தெரியக் கூடாது என்று மொட்டை அடித்தவர் சுகுணா, கடைசியில் விழிப்புணர்வு ஏற்படுத்தியது அவர், அதற்கான சம்பளம் மட்டும் இன்னும் எனக்கே வந்துகொண்டிருக்கிறது.